பதத்துக்கு ஓடுகிற வண்டி: சின்னத் தோட்டத்துக்குப் பழைய டிராக்டர் பார்ப்பது எப்படி?

"நாலு ஏக்கர் இருக்குதுங்க. பழைய டிராக்டர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எந்த வண்டி எடுத்தா நல்லா இருக்கும்?" இந்தக் கேள்வியோடு வரும் அழைப்புகள் இப்போது அதிகமாகிவிட்டன. வெளியூர் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் கேட்கிறார்கள். உழவுக்கு வாடகை வண்டியை எதிர்பார்த்து எதிர்பார்த்துச் சலித்துப்போனவர்கள் கேட்கிறார்கள். போனில் பதில் சொன்னால் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் எழுதுவது தாராபுரம் பக்கத்து அனுபவம். செம்மண், ஆங்காங்கே கரிசல், கிணற்றுப் பாசனம், மக்காச்சோளம், மாட்டுக்குச் சோளத்தட்டு, தென்னை, முருங்கை. நஞ்சைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சில கணக்குகள் மாறும்.

முதலில், வண்டி தேவையா?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. அவ்வளவு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் என்பது பணக் கணக்கில் கட்டுப்படியாகாது. ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நாலு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு வெள்ளாமை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உழவு, ஒரு ரோட்டவேட்டர். திரும்புகிற நேரம், மூலை முடுக்கு எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு முப்பது மணி நேரம்தான் வண்டி ஓடும். வாடகை மணிக்கு 1,200 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். இந்தப் பக்கம் மூன்று லட்சம் போட்டுப் பழைய வண்டி எடுத்தால், அந்தப் பணம் வங்கியில் இருந்தால் வரக்கூடிய வட்டி 7 சதவீதம் என்றாலே 21,000. மணிக்கு நாலு லிட்டர் வீதம் டீசல் 11,000 ரூபாய் ஆகும். இன்சூரன்ஸ், ஆயில், ஃபில்டர், பேட்டரி, டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து இன்னொரு இருபதாயிரம். ஆக ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் சொந்த டிராக்டர் வாங்க வேண்டாம்.

அப்படியானால் எதற்கு வாங்குவது? பதத்துக்கு.

மழை பெய்து, மேல் ஈரம் வற்றி, மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் உதிர்கிற அந்தப் பதம் செம்மண்ணில் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்கு முன்னால் உழுதால் மண் பாளம் பாளமாகப் பெயரும், பின்னால் உழுதால் கட்டியாக நிற்கும். சித்திரையில் கோடை மழை இறங்கியதும் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டும். வாடகை வண்டிக்காரர் முதலில் இருபது ஏக்கர்காரர் காட்டுக்குத்தான் போவார். அதில் அவர்மேல் குறையில்லை, அது அவர் பிழைப்பு. நாலு ஏக்கர்காரருக்கு முறை வரும்போது பதம் போயிருக்கும். விதைப்பு பத்து நாள் தள்ளிப்போனால் அந்த வெள்ளாமையின் கடைசித் தண்ணீர் வரைக்கும் அது இழுக்கும். சொந்த வண்டி இந்த ஒன்றைத்தான் நமக்குக் கொடுக்கிறது: பதம் வந்த நாளில் உழவு.

இதிலிருந்துதான் மற்ற எல்லாம் வருகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் கொட்டகையில் நிற்கப்போகிற வண்டி, பதம் வந்த அன்று காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், வேலை முடியும்வரை நிற்காமல் ஓட வேண்டும், நின்றுவிட்டால் அன்றைக்கே சரிசெய்ய முடிய வேண்டும். கீழே நான் சொல்வது எல்லாமே இந்த மூன்றையும் பார்ப்பதற்கான வழிகள்தான்.

மூன்று ஏக்கருக்குக் குறைவாக இருப்பவர்கள், அல்லது முழுக்கத் தென்னை வைத்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு உழவோடு முடித்துக்கொள்பவர்கள், வாங்காமல் இருப்பதே நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் கருவிகளையும் வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.

எத்தனை எச்.பி.?

பெரிய வண்டியைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் எச்.பி.யைத் தீர்மானிக்க வேண்டியது மண்ணும், நீங்கள் மாட்டப்போகிற கருவியும், மரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியும்தான்.

எங்கள் பக்கம் வழக்கமான வேலை என்றால் ஒன்பது கலப்பை, அஞ்சு கலப்பை, ரோட்டவேட்டர், குப்பை அடிக்க ஒரு டிரெய்லர். இதில் அதிகம் சக்தி கேட்பது ரோட்டவேட்டர். அஞ்சடி ரோட்டவேட்டரை நிம்மதியாக ஓட்ட நாற்பது எச்.பி. பக்கத்தில் வேண்டும். நாலடி என்றால் முப்பது சொச்சம் போதும். விளம்பரத்தில் போடுவது இன்ஜின் எச்.பி. பின்னால் பி.டி.ஓ. வழியாகக் கருவிக்குப் போய்ச் சேருவது அதில் 85 சதவீதம் அளவுதான். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முதல் எட்டு ஏக்கர் வரை, திறந்த காடும் கொஞ்சம் தென்னையும் இருந்தால் 35 முதல் 42 எச்.பி. வண்டி சரியாக இருக்கும். தென்னை 25 அடிக்கு 25 அடி நட்டிருந்தால் இந்த வண்டிகள் நடுவே தாராளமாகப் போகும். மட்டை தொங்குகிற இளந்தென்னையில் மட்டும் கவனம் வேண்டும். வாழை, காய்கறி, நெருக்கமாக வைத்த முருங்கை என்றால் 15 முதல் 27 எச்.பி. வரையிலான மினி டிராக்டர் பக்கம் போங்கள். மஹிந்திரா யுவராஜ், விஎஸ்டி சக்தி, குபோட்டா நியோஸ்டார் போன்றவை இந்த ரகம். அதிலும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஈரத்தில் வழுக்காமல் போகும்.

மினி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பின்னால் கருவி மாட்டுகிற மூன்று கைகளின் பின் அளவு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. சின்ன வண்டிகளில் கீழ்க்கைக்கு 22 மில்லிமீட்டர் பின், பெரிய வண்டிகளில் 28 மில்லிமீட்டர். பக்கத்துத் தோட்டத்து மச்சானிடம் கலப்பை வாங்கி ஓட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், முதலில் அந்தப் பின் உங்கள் வண்டியில் சேருமா என்று பார்த்துவிடுங்கள். பெரிய வண்டி எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஊரில் இருக்கிற எல்லாக் கலப்பையும் அவர்களுக்கும் பொருந்தும்.

ரோட்டவேட்டர் ஓட்டுவது உறுதி என்றால் டூயல் கிளட்ச் வண்டியாகப் பாருங்கள். சிங்கிள் கிளட்ச்சில் கிளட்ச்சை மிதித்தால் வண்டியோடு சேர்ந்து ரோட்டவேட்டரும் நின்றுபோகும். டூயல் கிளட்ச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டி மண்ணில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வண்டிக்கு முன்னால் மெக்கானிக்கைப் பாருங்கள்

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்கிற முதல் வேலை இதுதான். உங்கள் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற நல்ல டிராக்டர் மெக்கானிக்கைப் போய்ப் பாருங்கள். எந்த வண்டி நல்ல வண்டி என்று அவரிடம் கேட்காதீர்கள். "அண்ணா, எந்த வண்டின்னா நீங்க சாமானுக்குக் கோயமுத்தூர் போகாம இங்கேயே சரி பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற இரண்டு மூன்று பெயர்களுக்குள் உங்கள் வண்டியைத் தேடுங்கள்.

எங்கள் பக்கம் பழைய வண்டியில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். மேசி 1035, மஹிந்திரா 275, ஸ்வராஜ் 735. மூன்றுமே மூன்று சிலிண்டர். 36-லிருந்து 40 எச்.பி.க்குள் அடங்குகிறவை. மேசி சென்னை டாஃபே நிறுவனத்தின் வண்டி, அந்த 1035-இல் இருப்பது சிம்சன் இன்ஜின். மஹிந்திரா 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டர் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். ஸ்வராஜ் 1974-இல் பஞ்சாபில் பிறந்து, 2007-இல் மஹிந்திரா கைக்கு வந்தது. இத்தனை வருஷம் ஒரே அடிப்படையில் ஓடி வந்த வண்டிகள் என்பதால் ரிங்கு, பிஸ்டன், லைனர், கிளட்ச் பிளேட், ஆயில் சீல் எல்லாம் தாலுகா ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். இவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் பக்கத்திலேயே இருக்கும்.

இருபத்தைந்து எச்.பி. போதும் என்பவர்களுக்குப் பழைய ஒற்றை சிலிண்டர் எய்ச்சர் உண்டு. காற்றிலேயே சூடு தணிகிற வண்டி, ரேடியேட்டர் தொல்லை கிடையாது, டீசலும் குறைவாகவே குடிக்கும். ஜான் டீர், குபோட்டா, நியூ ஹாலண்ட் எல்லாம் ஓட்டுவதற்குச் சுகமான வண்டிகள்தான். கியர் லேசாக விழும், பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உங்கள் மெக்கானிக் அவற்றில் கைவைப்பாரா, சாமான் எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பதம் இருக்கிற மூன்று நாளில் சாமானுக்காகக் காத்திருக்க முடியாது.

வண்டி எந்த மண்ணில் ஓடியது?

வயதைவிடப் பிழைப்பு முக்கியம். ஒரே வருஷத்து வண்டிகள் இரண்டு, ஒன்று தோட்டத்தில் உழவு மட்டும் ஓட்டியது, மற்றது சூளைக்குச் செங்கல் அடித்தது என்றால் இரண்டும் ஒரே விலைக்குப் போகக்கூடாது.

செங்கல், மண், கருங்கல் என்று டிரெய்லர் லோடு அடித்த வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் குனிந்து டிரெய்லர் மாட்டுகிற ஓட்டையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அது பாரம் இழுத்தே பிழைத்த வண்டி. கிளட்ச் பெடல் ரப்பர் வழித்துப் போயிருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும், கிளட்ச்சும் கியர் பாக்சும் அடி வாங்கியிருக்கும். கலப்பை மாட்டுகிற கைகளில் மட்டும் தேய்மானம் இருந்து டிரெய்லர் ஓட்டை ஒழுங்காக இருந்தால், அது உழவு வண்டி.

நெல் வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டிய வண்டிக்கு வேறு தொல்லை. சேறும் தண்ணீரும் பின் ஆக்சில் சீல் வழியாக உள்ளே இறங்கியிருக்கும். டெல்டாப் பக்கத்திலிருந்து வருகிற வண்டி என்றால் பின் சக்கரங்களின் உள்பக்கம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முடிந்தால் வண்டி ஒரு ராத்திரி முழுக்க நின்ற பிறகு, பின் ஹவுசிங்கின் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தாலோ, எண்ணெய் மோர்போல வெளுத்து வந்தாலோ, உள்ளே பேரிங்குகள் துருவோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

மணிக்கணக்கு மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். பழைய வண்டிகளில் அது பாதி நேரம் ஓடாது, கேபிளைக் கழற்றிவிட்டாலே நின்றுபோகும். பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் கைப்பிடி இடம், சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற தகடு, கலப்பைக் கைகளின் உருண்டை ஆகியவற்றில் இருக்கிற தேய்மானம் பொய் சொல்லாது.

நேரில் பார்க்கிற அன்று

முதல்நாளே போன் செய்து, "நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக இன்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். இன்ஜினின் உண்மை நிலை, ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். முதல் சில நொடிப் புகை சகஜம். சூடேறிய பிறகும் நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கோ லைனரோ போய்விட்டது. கறுப்பாகக் கொட்டினால் நாசில் அல்லது பம்பு வேலை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

அடுத்தது, என் மெக்கானிக் ஒருபோதும் விடாமல் பார்க்கிற இடம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றுவார். மூடியைத் திருப்பி, ஓட்டைமேல் சும்மா வைப்பார். நல்ல இன்ஜினில் மூடி அங்கேயே லேசாக அதிர்ந்துகொண்டு நிற்கும். லேசான ஆவி மட்டும் வரும். தேய்ந்த இன்ஜினில் மூடி துள்ளும். உள்ளிருந்து குபுகுபுவென்று புகை தள்ளும். "பேக் கம்ப்ரஷன் வருது பாருங்க தம்பி, இது இன்ஜின் வேலைக்கு நாள் பார்த்துட்டு இருக்குது" என்பார். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் இந்த இடத்தில் ஒளிக்க முடியாது.

ரேடியேட்டர் மூடியை, இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியையும் எடுத்து, ஆயில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது இயல்பு. வெளுப்பாக இருப்பதுதான் ஆபத்து.

கியரை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். பாரத்தோடு போகும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், உள்ளே செலவு பெரிது. உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு மெதுவாகக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஹைட்ராலிக்குக்குக் கலப்பை இல்லாமல் சோதனை கிடையாது. விற்பவரிடம் ஒன்பது கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டி வைக்கச் சொல்லுங்கள். முழுசாகத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் விடுங்கள். கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. தரையைத் தொட்டுவிட்டால் உள்ளே சீலோ வால்வோ போயிருக்கிறது. தூக்கிய நிலையில் இன்ஜின் ஓடும்போது கலப்பை விட்டுவிட்டுத் துள்ளினாலும் அதே நோய்தான். பி.டி.ஓ.வையும் போட்டு ரோட்டவேட்டரைச் சுற்றவிட்டுப் பாருங்கள். சத்தம் சீராக இருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் கைமட்டும் வெகுதூரம் திரும்பினால் பிளே அதிகம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி முன் சக்கரங்களைப் பிடித்து ஆட்டினால் கிங்பின், ஹப் பேரிங் எல்லாம் தெரிந்துவிடும்.

டயர் தனிக் கணக்கு. இந்த அளவு வண்டிகளுக்குப் பின் டயர் 12.4×28 அல்லது 13.6×28, முன் டயர் 6.00×16. பின் டயர் ஜோடி மாற்றுவது பெரிய செலவு. "டயர் எண்பது சதவீதம்" என்று விற்பவர் சொன்னால், பக்கவாட்டில் வெயிலில் வெடித்த கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரீட்ரெட் செய்ததா என்றும் கேளுங்கள். எடைக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பி ஓட்டிய வண்டியாக இருந்தால், வால்வுப் பக்கத்தில் ரிம்மைச் சுரண்டிப் பாருங்கள், துரு உள்ளிருந்து அரித்து வந்திருக்கும்.

பேப்பர்

"பேப்பர் எல்லாம் கரண்ட்ல இருக்குதுங்க" என்ற வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பிடிப்பு இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் தேடிப் பிடித்து, துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும்.

சொந்த விவசாயத்துக்கென்று பதிவான வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதன்பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 14 வருஷ வண்டியை வாங்கினால் அடுத்த வருஷம் அந்த அலைச்சல் உங்களுடையது என்பதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடனில் எடுத்த வண்டி என்றால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் 35-ஆம் எண் படிவமும் நிதி நிறுவனத்திடமிருந்து கைக்கு வந்த பிறகே முழுப்பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் 28-ஆம் எண் படிவத்தில் அங்கிருந்து ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும்.

கிராமங்களில் அதிகம் பார்க்கிற சிக்கல் ஒன்று. ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், மகன் விற்பார். நல்ல மனிதராகவே இருப்பார், ஆனால் அவர் கையெழுத்து செல்லாது. முதலில் 31-ஆம் எண் படிவம் கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகுதான் உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். "அப்புறம் பார்த்துக்கலாம் மாப்ள" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயர் மாறாத வண்டியில் விபத்து நடந்தால் எல்லோருக்கும் வம்பு. அதேபோல, விவசாயப் பதிவு உள்ள வண்டியில் வாடகைக்குச் செங்கலோ ஆட்களோ ஏற்றினால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

விலை பேசும்போது

2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ஆறு லட்சம் விலையுள்ள வண்டிக்கு இதனால் 42,000 ரூபாய் இறங்குகிறது. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் பல விற்பனையாளர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே விலை சொல்கிறார்கள். இதை எடுத்துச் சொல்லிப் பேசுங்கள், தயங்க வேண்டாம்.

சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. அது புது வண்டிக்குத்தான், பழைய வண்டிக்குக் கிடையாது. நாலைந்து வருஷமே ஓடிய வண்டிக்கு விற்பவர் அதிக விலை சொன்னால், மானியம் போக புது வண்டி எவ்வளவு ஆகும் என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதிக்கு வண்டி பாருங்கள். வந்ததும் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், எல்லா ஃபில்டரும், ஃபேன் பெல்ட்டும், தேவைப்பட்டால் பேட்டரியும் மாற்ற வேண்டும். முன்னால் ஓட்டியவர் எப்போது மாற்றினார் என்று கேட்டு நம்பிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் அன்றே மாற்றி, தேதியை எழுதி வைப்பதுதான் நல்ல ஆரம்பம்.

உயிர் பெரிது

பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்காது. கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில். அதனால் மூன்று பழக்கங்களை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

டிராக்டரில் இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக். காட்டில் திரும்ப அது உதவும். ரோட்டில் ஏறும் முன் இரண்டு பெடல்களையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இரண்டாவது, சுற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். வேட்டி, துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் அதன் பக்கத்தில் போகக்கூடாது. மூன்றாவது, சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் அதன் விளிம்பிலிருந்து தூரமாக ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் உழவே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் கிணற்றோரம்தான் உயிர்கள் போயிருக்கின்றன. மட்கார்டில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டுவதை எந்த ஊரிலும், யாரும் செய்யக்கூடாது.

சுருக்கமாக என் தீர்ப்பு இதுதான். மூன்றிலிருந்து எட்டு ஏக்கர் திறந்த காட்டுக்கு, ஒரே கையில் ஓடிய, சேறும் சூளையும் பார்க்காத, உங்கள் மெக்கானிக் கைப்பழக்கமுள்ள 35 முதல் 42 எச்.பி. வண்டியை, பெயர் மாற்றத்துக்கான தாள்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு முழுப்பணம் கொடுத்து எடுங்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் அவசரப்படாமல் இந்த ஒரு பட்டத்துக்கு வாடகை வண்டியிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய அன்றைய கூலியையும் மனசாரக் கொடுங்கள். அந்த ஒருநாள் கூலி உங்கள் லட்சங்களைக் காப்பாற்றும்.